லாஸ் ஏஞ்சல்ஸின் போர் நினைவு அரங்கம்

முதல் உலகப் போர் 1918இல் ஓய்ந்ததும் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஒரே விவாதம் எழுந்தது. போருக்குப் போனவர்களின் நினைவாகச் சிலை வைப்பதா, மக்கள் புழங்கும் கட்டடம் எழுப்புவதா? நூலகம், மண்டபம், விளையாட்டரங்கம் போன்றவையே நினைவை உயிரோடு வைத்திருக்கும் என்றவர்களின் பக்கம் பல ஊர்கள் சாய்ந்தன. சிகாகோ தன் பெரிய அரங்குக்கு 1925இல் 'சோல்ஜர் ஃபீல்டு' என்று பெயர் சூட்டியது. அதற்கு முன்பே லாஸ் ஏஞ்சல்ஸ், அந்தப் போரில் பணியாற்றிய தன் ஊர்க்காரர்களுக்காக மெமோரியல் கொலிசியத்தைக் கட்டி முடித்திருந்தது.

எக்ஸ்போசிஷன் பூங்காவில் 1921 டிசம்பரில் வேலை தொடங்கி 1923 மே மாதம் முடிந்தது. செலவு பத்து லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. இருக்கைகள் ஏறத்தாழ 75,000. வடிவமைத்தவர்கள் ஜான் பார்க்கின்சனும் அவர் மகன் டொனால்டும். ஆடுகளத்தைத் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக இறக்கிவிட்டு, கிழக்கு முனையில் வளைவுகள் வரிசையாக நிற்கும் நுழைவு முகப்பை எழுப்பினார்கள். நடுவில் உயர்ந்த ஒரு வளைவு, இருபுறமும் ஏழேழு சிறிய வளைவுகள். நினைவிடத்துக்கு உரிய கம்பீரத்தை இந்த முகப்பே தருகிறது. மற்ற மூன்று பக்கமும் அன்று வெறும் பார்வையாளர் படிகள்தான்.

நினைவு மட்டுமே நோக்கமாக இருக்கவில்லை. நகரப் பிரமுகர்கள் ஒலிம்பிக்கை ஊருக்குக் கொண்டுவரத் துடித்தார்கள். 1932 போட்டி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு என்று முடிவானபோது அரங்கம் முழுதாகக் கட்டி முடிந்திருக்கவில்லை. பின்னர் இருக்கைகள் ஒரு லட்சத்துக்கு மேல் பெருக்கப்பட்டன. முகப்பின் உச்சியில் தீபம் ஏறியது. இந்திய வாசகருக்கு இவ்விடம் வேறொரு விதத்திலும் நெருக்கமானது. அந்த ஆண்டு ஆகஸ்டில் இங்கேதான் இந்திய ஹாக்கி அணி அமெரிக்காவை 24–1 என்று வென்று தங்கம் பெற்றது. ரூப் சிங் 10 கோல், அவர் அண்ணன் தியான் சந்த் 8 கோல் போட்டார்கள்.

அதன்பின் அரங்கம் எல்லாவற்றுக்கும் இடம் தந்தது. 1960இல் ஜான் கென்னடி ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகத் தம் ஏற்புரையை இங்கே ஆற்றினார். 1967இல் முதல் சூப்பர் பவுல் நடந்தது. 1984இல் ஒலிம்பிக் திரும்பி வந்தது. இந்தக் கூட்ட இரைச்சலில் போர்வீரர்கள் மறக்கப்பட்டிருக்கலாம். ஆனால் 1968இல் அரங்கம் முதல் உலகப் போரில் பணியாற்றிய அமெரிக்கர் அனைவருக்கும் என மறுபடி அர்ப்பணிக்கப்பட்டது.

கடுமையான சோதனை அரை நூற்றாண்டு கழித்து வந்தது. அரங்கை நிர்வகிக்கும் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம், புதுப்பிப்புப் பணிக்குப் பணம் திரட்டுவதற்காகப் பெயர் உரிமையை யுனைடெட் ஏர்லைன்ஸுக்கு 2018இல் கொடுத்தது. 'மெமோரியல் கொலிசியம்' என்பதற்கு முன்னால் விமான நிறுவனத்தின் பெயர் ஒட்டிக்கொள்ள இருந்தது. முன்னாள் படைவீரர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்ப்பு நியாயமானது. சிலை இல்லாத நினைவிடத்துக்குப் பெயர்தான் கல்வெட்டு. 2019இல் உடன்பாடு ஏற்பட்டது: நிறுவனத்தின் பெயர் ஆடுகளத்துக்கு மட்டும், அரங்கம் பழையபடி லாஸ் ஏஞ்சல்ஸ் மெமோரியல் கொலிசியம்.