யார் பராமரித்த வண்டி? ராஜ்தூத் 350இன் இரண்டாம் சந்தை

1983ஆம் ஆண்டு ஃபரீதாபாத்தின் எஸ்கார்ட்ஸ் நிறுவனம், யமஹாவின் தொழில்நுட்ப உரிமத்துடன் ராஜ்தூத் 350 மோட்டார்சைக்கிளை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதை வாங்க முன்வந்தோர் சிலரே. இன்று அதே வண்டி நல்ல நிலையில், முறையான ஆவணங்களோடு விற்பனைக்கு வந்தால் வெளிமாநிலத்தார் கூடத் தேடி வருகின்றனர். புதிதாய் இருந்தபோது விலைபோகாத பொருள் பழையதானபின் எவ்வாறு மதிப்புப் பெற்றது என்பது, தொழில் வரலாற்று மாணவர் கவனிக்கத்தக்க வினா.

இவ்வண்டியின் மூலமான ஆர்டி350, 1973இல் வெளிவந்தது. 347 சிசி, இரட்டைச் சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் என்ஜின், ஆறு கியர். 1976இல் ஆர்டி400 அதன் இடத்தைப் பிடித்தது. ஆக, ஜப்பான் கைவிட்டுச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரே இந்தியா அதைப் பெற்றது. அதுவும் குறைத்துப் பெற்றது. 39 குதிரைத்திறன் 30.5 ஆயிற்று, எரிபொருள் செலவைக் கட்டுப்படுத்தப் பின்னர் வந்த வடிவில் 27 ஆயிற்று. முன்சக்கர டிஸ்க் பிரேக்குக்குப் பதில் டிரம் பிரேக் பொருத்தப்பட்டது. அப்போதும் விலை அதிகம், பெட்ரோல் செலவு அதிகம், உதிரிபாகம் அரிது. 1985இல் மைலேஜையே முன்னிறுத்திய ஹீரோ ஹோண்டா சிடி100 வந்தபின் போட்டியின் இலக்கணமே மாறியது. அந்தப் பத்தாண்டின் முடிவோடு ராஜ்தூத் 350இன் உற்பத்தியும் முடிவுக்கு வந்தது.

தொழிற்சாலை விலகிய பிறகு வண்டியைக் காத்தவை தெருவோரப் பட்டறைகள். தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் பொருத்தினர். ஆயில் பம்ப் பழுதானால் அதைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டச் செய்தனர். இரு கார்புரேட்டர்களையும் காதால் கேட்டே ஒத்திசைய வைத்தனர். கிடைக்காத பாகத்திற்கு வேறொரு வண்டியின் பாகத்தைத் திருத்திப் பொருத்தினர்.

விற்பனை நாளிலோ இந்த உழைப்பு குறையாக எண்ணப்படுகிறது. வாங்குபவர் தேடுவது 'ஒரிஜினல்'. என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா, டேங்க், மீட்டர், சைலன்சர் ஆகியவை தொழிற்சாலையில் பொருத்தியவைதானா என்று பார்க்கிறார். ஆயில் பம்ப் இல்லையெனில் விலை இறங்குகிறது. வண்டியைச் சாலையில் நிறுத்தி வைத்த அதே பழுதுபார்ப்பு அதன் விலையைக் குறைக்கிறது. அசலே ஒரு குறைக்கப்பட்ட நகல் என்பதைச் சந்தை மறந்துவிடுகிறது.

சட்டமும் இதே அளவுகோலைக் கையாள்கிறது. 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். சேஸிஸ், என்ஜின் போன்றவற்றில் மாற்றத்தை உள்ளடக்கிய பெரும் சீரமைப்புக்கு உட்படாதிருக்க வேண்டும். அத்தகைய வாகனமே 'விண்டேஜ்'. 1983இல் பதிவான ராஜ்தூத் அத்தகுதியைக் கோர 2033 வரை காத்திருக்க வேண்டும். தில்லியிலோ 15 ஆண்டுகள் கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கான தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. ஓரிடத்தில் ஓடக்கூடாத அளவு முதுமை. ஏட்டில் பாரம்பரியமாக ஏற்கப்படாத அளவு இளமை.

இந்த இடைவெளியில் நடக்கும் விற்பனையில் ஆவணம் உயிர்நாடி. ஒரே மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டுச் சட்டம். பெயர் மாற்றப்படாத வண்டி விபத்துக்குள்ளானால், பதிவேட்டில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஆர்.சி. புத்தகம் கவனமாகக் கைமாறுகிறது.

பட்டறைச் சீட்டு கைமாறுவதில்லை. எந்த ஆண்டில் சிலிண்டர் கடையப்பட்டது, எந்தப் பாகம் எவ்வண்டியிலிருந்து வந்தது என்ற குறிப்புகள் விற்பனையோடு குப்பைக்குப் போகின்றன. 'நன்கு பராமரிக்கப்பட்டது' என்னும் சொற்களுக்குச் சான்று அந்தச் சீட்டுகளே. ஒரு பைக்கை விற்பவர் அவற்றையும் சேர்த்துக் கொடுத்தால், வாங்குபவர்க்கு வண்டியின் உண்மை நிலை தெரியும். நாளைய ஆய்வாளர்க்குப் பெயர் பதியப்படாத ஒரு தொழிலாளர் மரபின் தடயம் கிடைக்கும்.