மரமரப்பு எத்தனை மணிக்கு விடும்?

1/ கையில ஆபரேஷன் முடிஞ்சவர் கட்டோட உட்கார்ந்து சிரிச்சுப் பேசிட்டு இருப்பார். வலியே இல்லையேன்னு வீட்ல எல்லாரும் நிம்மதியா தூங்கப் போவாங்க. நடுராத்திரில மரமரப்பு விடும். வலி மொத்தமா வந்து இறங்கும். இந்த ராத்திரியை ஜெயிக்க மருத்துவம் 140 வருஷமா முயற்சி பண்ணுது. அந்தக் கதைதான் இந்தத் த்ரெட். கடைசியில உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு.

2/ கைக்குப் போற நரம்புகள் கழுத்தில் கிளம்பி, காறை எலும்புக்குப் பின்னால் ஒரு கட்டாகச் சேர்ந்து, அக்குள் வழியா இறங்குது. அந்தக் கட்டைச் சுத்தி மருந்து போட்டா கை மரத்துடும். இதுதான் நெர்வ் பிளாக். ஆனா ஓடுற ரத்தம் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா அள்ளிட்டுப் போயிடும். பிரச்சினையே அதுதான்.

3/ 1884, வியன்னா. கோகெயின் சொட்டு விட்டா கண் மரத்துப்போகும்னு கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர் கண்டுபிடிச்சார். ஹைடல்பெர்க் மாநாட்டுக்குப் போக அவரிடம் காசில்லை. வேறொருவர்தான் அவர் கட்டுரையை வாசிச்சார். சீக்கிரமே நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட், கை நரம்புகளைக் கத்தியால் திறந்து பார்த்து அதே மருந்தைப் போட்டார். தன் உடம்பிலேயே சோதிச்சுப் பார்த்து, கோகெயினுக்கு அடிமையும் ஆனார்.

4/ 1885. அமெரிக்க டாக்டர் ஜேம்ஸ் லியனார்ட் கார்னிங், ரத்தம்தானே மருந்தை அள்ளுது, அதையே நிறுத்தினா என்னன்னு யோசிச்சார். ஊசி போட்டு, அதுக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினார். மரமரப்பு நீடிச்சது. ஆனா எவ்வளவு நேரம்தான் ரத்தம் இல்லாம ஒரு கையைக் கட்டி வைக்க முடியும்?

5/ 1903. ஜெர்மனியின் ஹைன்ரிக் பிரவுன், ரப்பருக்குப் பதில் அட்ரினலினைக் கலந்தார். ஊசி போட்ட இடத்தில் மட்டும் ரத்தக்குழாய் சுருங்கும், மருந்து தங்கும். பட்டை செய்த வேலையை ஒரு துளி மருந்து செஞ்சது. பல் டாக்டர் போடுற மரப்பு ஊசியில் இன்னைக்கும் பெரும்பாலும் அட்ரினலின் இருக்கு.

6/ 1911-ல் தோலைக் கீறாமலே ஊசி போடும் வழி வந்தது. ஹிர்ஷல் அக்குள் வழியாப் போட்டார். கூலன்காம்ஃப் காறை எலும்புக்கு மேலே, முதலில் தனக்கே போட்டுப் பார்த்தார். 1946-ல் ஆன்ஸ்ப்ரோ ஊசியை எடுக்காம அங்கேயே விட்டு, மருந்து தீரத் தீர நிரப்பினார். இன்னைக்கு அந்த இடத்தில் மெல்லிய குழாயும் பம்பும் இருக்கு. நாள்கணக்கில் வலி தாங்கும். ஆனா குழாய் நகரும், கசியும், ஆள் வெச்சுப் பார்க்கணும்.

7/ 1957-ல் ஸ்வீடனில் பியூபிவக்கெய்ன் உருவானது. ஒரே ஊசி, சுமார் அரை நாள் நிம்மதி. விலையும் இருந்தது: தவறி ரத்தக்குழாய்க்குள் போனா இதயமே நின்னுடலாம், மீட்பதும் கஷ்டம். 1979-ல் ஆல்பிரைட் என்ற டாக்டர் இதை எச்சரித்து எழுதினார். 1998-ல் கை வைன்பெர்க், கொழுப்புக் கரைசல் ஏத்தினா இதயம் மீள்வதை எலிகளில் காட்டினார். 2006-ல் அது ஒரு மனிதரைக் காப்பாத்தின செய்தி வெளியானது. இன்னைக்கு பிளாக் போடும் அறையில் அந்த பாட்டில் தயாரா இருக்கணும்.

8/ 1994-ல் மறுபடியும் வியன்னா. ஸ்கேனில் பார்த்துக்கிட்டே கை நரம்பருகே ஊசியைக் கொண்டுபோனாங்க. இப்போ டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டும் சேர்ந்தா சுமார் 6-8 மணி நேரம் கூடுது. அதை நரம்பருகேதான் போடணும்னு இல்லை. நரம்பு ஊசியா இல்லாம ரத்தக்குழாய் வழியா ஏத்தினாலும் கிட்டத்தட்ட அதே பலன். சர்க்கரை கொஞ்சம் ஏறலாம். மருந்தைக் கொழுப்புக் குமிழில் அடைச்சு மெதுவா விடும் விலை உயர்ந்த ஊசியும் வந்தது. சாதா மருந்தைவிடப் பெரிய லாபம் தெரியலை.

9/ நேரத்தைக் கூட்டிக்கிட்டே போனா போதுமா? போதாது. மரத்த கைக்குச் சுடுவதும் தெரியாது, நசுங்குவதும் தெரியாது. உள்ளே வீக்கம் இறுகி ரத்த ஓட்டம் தடைபட்டா, முதலில் சொல்வது வலிதான். அந்தக் குரலையே ரொம்ப நேரம் அடைச்சு வைக்கக் கூடாது.

10/ ஆக, எந்த பிளாக்கும் ஒரு நேரத்தில் விடும். உங்க வேலை இதுதான்:
• "எத்தனை மணிக்கு விடும்?"னு மயக்க டாக்டரிடம் கேளுங்க.
• எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை, எந்த நேரத்தில் ஆரம்பிக்கணும்னு கேட்டு, மரமரப்பு முழுசா விடும் முன்னாடியே போடுங்க. வலி ஏறினப்புறம் துரத்துறது கஷ்டம்.
• கையைத் தூளியில் வையுங்க. அடுப்பு, வெந்நீர் பக்கம் வேண்டாம்.
• விரல் வெளுத்தா, நீலமானா, ஜில்லுன்னு ஆனா, மாத்திரைக்கும் அடங்காம வலி ஏறினா, மூச்சு வாங்கினா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. உடனே மருத்துவமனை.

11/ கார்னிங்கின் ரப்பர் பட்டையில் தொடங்கி இன்னைக்கு ஸ்கேன் வரைக்கும் எல்லாரும் தேடியது இன்னும் சில மணி நேரம். அந்த நேரம் முடியும்போது கையில் மாத்திரை இருக்கணும். ஆபரேஷனுக்குத் தயாராகுற யாராவது உங்க வீட்ல இருந்தா, இதைக் காட்டுங்க.