புளிவனத்தில் சீமைத் தக்காளி

திண்டிவனம் என்னும் பெயர் 'திந்திரிணி வனம்' என்பதன் மரூஉ என்பர். திந்திரிணி என்பது புளியைக் குறிக்கும் வடசொல். ஊர்க் கோயிலில் உறையும் இறைவனும் திந்திரிணீஸ்வரரே. இவ்வூரில்தான் நாங்கள் கொல்லையில் பழுத்த தக்காளியை வெந்நீரிலிட்டுத் தோலுரித்து, பூண்டும் எண்ணெயும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிப் பீட்சாவுக்குச் சாஸ் செய்கிறோம். புளி ஒரு துளியும் இல்லை!

தமிழில் 'தக்காளி' என்னும் சொல் இப்பழத்தினும் மூத்தது. மணத்தக்காளி, சொடக்குத் தக்காளி ஆகிய நம் மண்ணின் சிறு செடிகளுக்கு உரியது அது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, ஐரோப்பியர் வழியே வந்த புதுப்பழத்தை நம்மவர் 'சீமைத் தக்காளி' என்று பிரித்தே அழைத்தனர். நாளடைவில் 'சீமை' உதிர்ந்தது. பெயர் முழுதும் வந்தவருக்கே உரியதாயிற்று. இன்று தக்காளி என்றால் மணத்தக்காளியை நினைப்பவர் யார்?

இத்தாலியிலும் அது வந்தேறியே. 1690களில் நேப்பிள்ஸ் நகரில் அந்தோனியோ லத்தீனி வெளியிட்ட சமையல் நூலில் தக்காளிச் சாஸ் 'ஸ்பானிய முறை' என்றே குறிக்கப்பெறுகிறது. பழத்தைக் கனலில் சுட்டுத் தோலுரித்து, வெங்காயம், எண்ணெய், காடி சேர்க்கச் சொல்கிறார். நம் சுட்ட தக்காளித் துவையலுக்கு எத்தனை நெருக்கம்!

பீட்சா மணக்கும் வீடுகள் சிலவற்றிலும், திதிச் சமையலில் மட்டும் தக்காளி இன்றும் விலக்கு. அடுக்களை அந்த ஒருநாள் 'சீமை'யை நினைவுகூர்கிறது போலும்.