மின்சாரம் போன பின் சேர்வர் அறையில் என்ன நடக்கிறது?

2025 பெப்ரவரி 9 முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின் நிலையத்தில் புகுந்த குரங்குதான் பலருக்கு நினைவில் நிற்கிறது. ஆனால், அன்று ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளில் மின் தேவை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம். அப்போது வலையமைப்பு சிறு அதிர்ச்சிக்கும் ஆட்டம் காணும். அலுவலகங்களும் பூட்டிக் கிடக்கும்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வைத்தியசாலை, வங்கிக் கிளை, கூட்டுறவுச் சங்கம் என்று பல இடங்களில் உள்ள சிறிய சேர்வர் அறைகளுக்கு இது முக்கியம். மின்சாரம் நின்றதும் யூ.பி.எஸ் பற்றரி பொறுப்பேற்கும். ஜெனரேட்டர் இயங்கும் வரைக்கும், அல்லது சேர்வர்களை முறையாக நிறுத்தும் வரைக்கும்தான் அது. குளிரூட்டி வழமையாக யூ.பி.எஸ்ஸுடன் இணைக்கப்படுவதில்லை. எனவே சேர்வர் ஓட ஓட அறை சூடேறும். ஜெனரேட்டர் வந்த பிறகும் சில குளிரூட்டிகள் ரிமோட்டை அழுத்தாமல் மீள இயங்காது. ஞாயிற்றுக்கிழமை யார் வந்து அழுத்துவது? தானாக மீள இயங்குமா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும்.

சிக்கனமும் இங்கேதான் வருகிறது. சேர்வர்களுக்கு 4 கிலோவாற், குளிரூட்டலுக்கு இன்னொரு 4 கிலோவாற் செலவானால் மொத்தம் 8. குளிரூட்டலை 2 ஆக்கினால் 8 மணி நேரத்துக்கான டீசல் ஏறத்தாழ 10 மணி நேரம் வரும். 2022இல் டீசல் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த 2 மணி நேரத்தின் பெறுமதி தெரியும். சேர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருக்கலாம் என்கிறது ஆஷ்ரே என்ற பொறியியலாளர் சங்கம். அறையை 18இல் வைத்துவிட்டுப் போர்வை தேடத் தேவையில்லை. பற்றரியை மட்டும் சேர்வரின் பின்பக்கச் சூட்டில் வைக்கக்கூடாது. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈய அமில பற்றரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்.

சுவீடனின் லூலியோவில் பேஸ்புக் வெளிக்காற்றால் சேர்வர்களைக் குளிர்விக்கிறது. வாவிக்காற்று நமக்குச் சுகம்தான், ஆனால் அதன் உப்பும் ஈரமும் மின்சுற்றுப் பலகைகளை அரிக்கும். யன்னல் மூடியே இருக்கட்டும். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்த ஊரில் ஜெனரேட்டரைத் தரைமட்டத்தில் வைப்பதும் சரியல்ல.

மாதம் ஒருமுறையாவது ஜெனரேட்டரை முழுச் சுமையுடன் ஓட்டிப் பார்க்க வேண்டும். தரவின் பிரதி ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் தேஜோன் அரச தரவு மையத்தில் பற்றரியிலிருந்து தீ பரவியபோது, பிரதி எடுக்கப்படாத 858 டெராபைற் அரச கோப்புகள் அழிந்தன.