அரைகுறையாய் அறியும் கண்: தமிழின் வளர்பருவ நாவலும் சென்னையின் தென்புறமும்

சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கி, 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்தில் குடியேறியபோது, நகரின் தென்புறம் ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த ஊர்களாகவே இருந்தது. அத்தென்புறத்தின் திருவான்மியூருக்கு 1962இல் கலாசேத்திரா நடனப் பள்ளி வந்தது. எஸ். ராமகிருஷ்ணன் 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகம் பின்னாளில் அவ்வூரையே தன் இருப்பிடமாக்கிக்கொண்டது. கீதா உல்ஃப் 1994இல் நிறுவிய தாரா புக்ஸும் அங்கேயே வேரூன்றியது. தமிழில் வளர்பருவ நாவல் அடைந்த மாற்றங்களின் வரலாற்றில் இந்த இரு பதிப்பகங்களுக்கும் உரிய இடம் இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை.

சிறுவரோ இளைஞரோ பெரியவர்களின் உலகை எதிர்கொண்டு, அதன் விலையைக் கொடுத்து முதிர்வதைச் சொல்லும் புனைவே வளர்பருவ நாவல் எனப்படுகிறது. கெதே 1795–96இல் வெளியிட்ட ‘வில்ஹெல்ம் மைஸ்டர்’ நாவலை இதன் முன்மாதிரியாக ஐரோப்பிய ஆய்வாளர்கள் கொள்வர். பிற்காலத்தில் மேலைநாட்டுப் பதிப்புலகம் இவ்வடிவத்தைப் பதின்பருவ வாசகருக்கெனத் தனி வகையாகப் பேணியது. தமிழில் நிகழ்ந்தது வேறு. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ போன்ற இதழ்கள் சிறுவருக்குக் கதை தந்தன. வளர்பருவத்தை ஆழமாக எழுதியவர்களோ, சமூகத்தை அரைகுறையாக அறியும் ஒரு கண் வழியே பார்ப்பதற்காகவே அதை எடுத்துக்கொண்டனர். தமிழில் இவ்வகையின் உத்திகள் பெரும்பாலும் இந்தக் கண்ணிலிருந்தே பிறந்தவை.

இறுதி ஆண்டுகளை வேளச்சேரியில் கழித்து 2017இல் மறைந்த அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ (1977) இதற்குத் தலையாய சான்று. நிஜாம் ஆட்சியின் இறுதி மாதங்களில் செகந்தராபாத்தில் கல்லூரியும் கிரிக்கெட்டுமாகத் திரியும் சந்திரசேகரனின் கதை, சில பகுதிகளில் தன்மையிலும் சில பகுதிகளில் படர்க்கையிலும் சொல்லப்படுகிறது. கதை யாருடைய கண் வழியே, எவ்வளவு தொலைவிலிருந்து காணப்படுகிறது என்பதையே நோக்குநிலை என்கிறோம். ஒரே இளைஞனை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் மாறிமாறிக் காட்டும் இந்த நோக்குநிலை மாற்றம், தன்னையே இன்னும் அறிந்துகொள்ளாத ஒருவனின் நிலைக்கு மிகப் பொருத்தமான வடிவமாக அமைகிறது. மேலும், நிஜாமுக்கு ஆதரவாக இயங்கிய ரஜாக்கர் படையினரைப் பற்றியும், அவ்வாட்சியை முடித்துவைத்த 1948 செப்டம்பரின் இந்திய ராணுவ நடவடிக்கையைப் பற்றியும் அவனைவிட வாசகர் கூடுதலாக அறிந்திருப்பதால், அவனுடைய அன்றாடக் கவலைகள் ஒவ்வொன்றின் மீதும் வரலாற்றின் நிழல் விழுகிறது. பாத்திரம் அறியாததை வாசகர் அறிந்திருக்கும் இந்நிலையே நாடக முரண். கலவரத்துக்கு அஞ்சி நடுங்கும் ஒரு குடும்பத்தின் முன் அவன் நிற்க நேரும் இறுதிக் காட்சியில், வாசகர் அறிந்ததற்கும் அவன் அறிந்ததற்கும் இடையிலான அந்த இடைவெளி ஒரு நொடியில் மூடிக்கொள்கிறது. தமிழ் நாவலில் முதிர்ச்சி இவ்வளவு கொடுமையாக வந்து சேர்ந்த இடங்கள் மிகச் சில.

பூமணியின் ‘வெக்கை’ (1982) பழிவாங்கும் கொலையில் தொடங்கி, தந்தையுடன் காடுகளில் ஒளிந்து திரியும் பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் நினைவுகள் வழியே அதன் காரணங்களுக்குத் திரும்புகிறது. பின்னோக்கு உத்தி எனப்படும் இம்முறையால், செயல் முந்தியும் அறிவு பிந்தியும் வருகின்றன. க்ரியா வெளியிட்ட இமையத்தின் ‘ஆறுமுகம்’ (1999) வீட்டைவிட்டு ஓடும் சிறுவனின் அலைச்சலையே கட்டமைப்பாகக் கொண்டது. அவன் சேரும் ஒவ்வொரு இடமும் தாயின் மீது அவன் கொண்ட கோபத்துக்கு வேறொரு பொருளைத் தருகிறது.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) இம்மரபில் தனித்து நிற்பதற்குக் காரணம், அதில் நிலமே காலத்தை அளக்கும் கருவியாக இருப்பதுதான். கொங்கு வட்டாரத்தில் கவுண்டர் பண்ணையில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவன் கூளையனின் வளர்ச்சி, மழையும் வறட்சியும் பனையின் பருவங்களும் மாறுவதோடு சேர்ந்தே நகர்கிறது. சாதி குறித்து ஆசிரியர் விளக்கவுரை நிகழ்த்துவதில்லை. பண்ணையார் மகன் செல்வனும் மேய்ப்புச் சிறுவர்களும் மேய்ச்சல் காட்டில் விளையாடும் விளையாட்டுக்குள்ளேயே யார் ஏவுவது, யார் பணிவது என்ற விதி புகுந்துவிடுகிறது. விளையாட்டு இங்கே குறியீடாகவும், அதாவது தன்னைத் தாண்டிய ஒன்றைச் சுட்டும் பொருளாகவும், கதையை முன்னே தள்ளும் விசையாகவும் ஒருங்கே இயங்குகிறது. நாவலின் மிகப் பெரிய வலிமை இதுவே.

இந்நாவலையும், திரையரங்கில் சோடா விற்கும் இளைஞனைப் பற்றிய பெருமாள்முருகனின் ‘நிழல் முற்ற’த்தையும் (1993) வ. கீதா ஆங்கிலத்தில் பெயர்க்க, தாரா புக்ஸ் 2004இல் ‘சீசன்ஸ் ஆஃப் தி பாம்’, ‘கரன்ட் ஷோ’ என்ற தலைப்புகளில் வெளியிட்டது. முன்னது 2005இல் கிரியாமா பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. சிறுவருக்கான படநூல்களால் அறியப்பட்ட ஒரு பதிப்பகத்தின் அடுக்கில் இவை அமர்ந்ததால், வளரும் வயதினர் கைகொள்ளத்தக்க நூல்களாகவும் ஆங்கில வாசகர் முன் நின்றன. தமிழிலோ இவை பொது நாவல்களாகவே விற்கப்பட்டு, கூளையனின் வயதில் இருக்கும் வாசகரைத் தற்செயலாகவே எட்டிவருகின்றன.