பசியின் தூது

மலைநாட்டின் வரலாற்றைத் தேயிலையின் விலையைக் கொண்டு எழுதியோர் உளர். சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் கொண்டு எழுதியோரும் உளர். அங்கு உழைத்த மக்களின் உடலைக் கொண்டும் அதனை எழுதலாம். உண்ட நாளையும் உண்ணாத நாளையும் உடல் எளிதில் மறப்பதில்லை.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், பிழைப்புத் தேடி இலங்கைக்கு வந்தோர் பல்லாயிரவர். கோப்பிச் செடியை இலைநோய் அழித்தபின், நுவரெலியா, ஹட்டன் மலைச்சரிவுகளில் தேயிலையை வளர்த்தவர்கள் அவர்களும் அவர்தம் மக்களுமே. தோட்டம் அரிசி கொடுத்தது. அதன் விலையைக் கூலியிலிருந்து கழித்துக்கொண்டது. லயத்தில் குடியிருந்தவனுக்குச் சொந்த வயலில்லை. எனவே, அரிசி வரும் வழி அடைபட்டால் அவனுக்கு வேறு வழியில்லை.

அந்த வழி 1973 இல் அடைபட்டது. உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. இலங்கையில் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தன. நாட்டுப்புறத்தான் மரவள்ளி நட்டுச் சமாளித்தான். தோட்டத் தொழிலாளிக்கு நடுவதற்கு நிலமில்லை. 1974 இல் தோட்டங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. எனினும், பஞ்ச காலங்களில் மாள்வோரிற் பெரும்பாலோரை நேரே கொல்வது பட்டினியன்று. வயிற்றோட்டமும் காய்ச்சலும் சளிநோயுமே. பசித்த உடல் ஏன் நோயை எதிர்க்க மாட்டாமற் போகிறது? இந்த வினாவுக்கான விடையின் ஒரு பகுதி, எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் 1949 இல் அளவுகடந்து பருத்த சுண்டெலிகள் தோன்றின. அவை ஓயாது உண்டன. பின்னர் நீரிழிவும் பருமனும் கொண்ட மற்றோர் இனமும் அங்கு கிடைத்தது. டக்ளஸ் கோல்மன் என்ற அறிஞர் இவ்விரு வகை எலிகளின் உடல்களை இணைத்து, ஒன்றின் இரத்தம் மற்றதிற் கலக்குமாறு செய்தார். முதல் வகை எலி உண்பதை நிறுத்தி மெலிந்து மடிந்தது. மற்றதோ பருத்தபடியே இருந்தது. இரத்தத்தில் ஒரு செய்தி ஓடுகிறது; முதல் எலிக்கு அதனை அனுப்பத் தெரியாது, இரண்டாவதற்கு அதனைக் கேட்கத் தெரியாது என்று அவர் முடிவு செய்தார். அச்செய்தியைத் தரும் மரபணுவை 1994 இல் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழுவினர் கண்டுபிடித்தனர். கொழுப்புத் திசு சுரக்கும் அந்த ஓமோனுக்கு, மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'லெப்டின்' என்று பெயரிட்டனர்.

பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டதென உலகம் மகிழ்ந்தது. பிறப்பிலேயே லெப்டின் இல்லாத மிகச் சில குழந்தைகளுக்கு அது அவ்வாறே பயன்பட்டது. ஆனால், பருத்தவர்களிற் பெரும்பாலோரின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே மிகுந்திருந்தது. மூளை அதற்குச் செவிசாய்க்கவில்லை. லெப்டினின் முதன்மையான பணி நிறைவைச் சொல்வதன்று, குறைவைச் சொல்வதே என்ற கருத்து இதன்பின் வலுப்பெற்றது. கொழுப்பு கரையக் கரைய லெப்டின் குறைகிறது. மூளை அதனைப் பஞ்சச் செய்தியாக எடுத்துக்கொண்டு, தைரொயிட்டின் வேகத்தைத் தணித்து இனப்பெருக்க ஆற்றலை ஒடுக்குகிறது என்பதை 1996 இல் எலிகளில் நிகழ்ந்த ஆய்வு காட்டியது. பட்டினியால் தளர்ந்த நோயெதிர்ப்பாற்றலை லெப்டின் மீட்கிறது என்று 1998 இல் இலண்டன் ஆய்வாளர் எலிகளிற் கண்டனர். இருப்பைக் காக்க முனையும் உடல், செலவு மிக்க காவலைத் தளர்த்திவிடுகிறது. 1974 இன் லயங்களில் நோய் எளிதாய் நுழைந்தமைக்கு, நெருக்கமும் நீர்க்கேடும் போலவே இதுவும் ஒரு காரணமாகலாம்.

பஞ்சம் போனபின்னும் அதன் கணக்கு முற்றாகத் தீர்வதில்லை. பூனாவுக்கு அருகிலுள்ள கிராமங்களில் எடை குறைந்து பிறந்த குழந்தைகள், ஆங்கிலக் குழந்தைகளினும் சிறியவர்களாயினும் தோலடிக் கொழுப்பில் அத்துணை குறைந்திலர். கருவில் வறுமை கண்ட உடல், பிற்காலத்தில் நீரிழிவுக்கு எளிதில் ஆளாகும் என்பதற்குச் சான்றுகள் பெருகி வருகின்றன. 2016 இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் 17 வீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதம்.

ஆகவே, மலைநாட்டு மருத்துவமனையில் இன்று நீரிழிவுக்கு மருந்து கேட்டு நிற்கும் முதியவரின் நோயை அவருடைய நாவின் குற்றமாக மட்டும் கொள்வது முறையாகாது. அவர் பிறக்குமுன் அவர் தாய்க்குக் கிடைத்த அரிசியின் அளவையும் சேர்த்தே அதனை ஆராய வேண்டும். கருவுற்ற தாய்க்கு நிறைவான உணவு அளிப்பது, அக்குழந்தை முதுமை எய்தும் நாள்வரைக்குமான மருத்துவமாகும்.