மலைச் சாலையும் நடப்போர் உரிமையும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறும் நூலாகும். பெருங்கௌசிகனார் பாடிய அந்நூல் பரிசிலின் பெருமையை மட்டும் பேசி அமையவில்லை. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, தினைப்புனம் காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கல், கால் வழுக்கும் நிலம் என மலைவழியின் இடர்களையும் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. நடப்பவர் எச்சரிக்கையோடு நடக்க வேண்டும் என்பதே அதன் அறிவுரை. இயற்கை வைத்த இடரை அகற்ற இயலாத காலத்தில் அவ்வறிவுரை போதுமானதாக இருந்தது. மனிதனே படைத்த இடருக்கும் அது போதுமா? கேமரன் மலைச் சாலையின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பகாங் மாநிலத்தின் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தார். ஆயினும் நாற்பது ஆண்டுகள் இது பெரிதும் காடாகவே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்து, மலைவாசத்தலம் அமைக்க ஏற்ற இடம் என்று கருதினார். அதன் பின்னரே பேராக்கின் தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளச் சாலைக்கான பணி தொடங்கிற்று. மழையும் மண்சரிவும் மலேரியாவும் தொழிலாளரை வாட்டின. 1930-களின் தொடக்கத்தில் ஊர்திகள் மலையேறின. அதற்குள்ளாகவே, 1929-இல், ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்திருந்தார். 1933-இல் பாரத் தேயிலை நிறுவனமும் தோன்றிற்று.

இச்சாலை எவருக்காகப் போடப்பட்டது? வெப்பம் தணிய மலையேறும் துரைமாருக்காகவும், இறங்கிச் செல்லும் தேயிலைப் பெட்டிகளுக்காகவும் போடப்பட்டது. கொழுந்துக் கூடை சுமந்து லயத்திற்கும் மலைக்கும் இடையே நடந்தவர்களை எண்ணி அதன் அகலமும் வளைவும் வகுக்கப்படவில்லை. அன்று அது பெருங்குறையாகத் தோன்றவுமில்லை. ஊர்திகள் சிலவே, ஏற்றத்தில் அவை மெல்லவே ஊர்ந்தன. ஊர்தி வரும் ஓசை கேட்டு ஒதுங்கி நிற்கப் பொழுது இருந்தது.

மேலும், அன்று தொழிலாளரின் வாழ்வு பெரும்பாலும் தோட்டத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது. மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஓரினத்தைச் சார்ந்த 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கக் கடமைப்பட்டது என்றது. பள்ளி, கோயில், கடை யாவும் லயத்தின் அருகிலேயே இருந்தால் பெருஞ்சாலையைக் கடக்கும் தேவை குறைவுதானே!

பின்னர் இருபுறமும் மாற்றம் வந்தது. தோட்டத்து மக்கள் கல்விக்கும் மருத்துவத்திற்கும் அங்காடிக்கும் நகரை நாடினர். சாலையிலோ காய்கறி லாரிகளும் சுற்றுலாப் பேருந்துகளும் பெருகின. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயிலிருந்து மற்றொரு பெருஞ்சாலையும் மலையேறிற்று. விடுமுறை நாள்களில் பிரிஞ்சாங் வட்டாரத்தில் ஊர்திகள் அணிவகுத்து நிற்பதைக் காண்கிறோம். நெரிசலில் நகராத அதே ஊர்திகள், வழி திறந்தவுடன் இழந்த நேரத்தை மீட்க விரைகின்றன. தமிழ்ப் பிள்ளைகளும், பூர்வகுடியினரும், அண்மைக் காலத்தில் தோட்ட வேலைக்கு வந்துள்ள வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளரும் அவற்றிடையே கடக்க வேண்டியவர்களே.

இடரின் அளவை எளிய கணக்கொன்றால் அறியலாம். ஏழு மீட்டர் அகலமுள்ள சாலையை, நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் சிறுவன் கடக்க ஏழு நொடிகள் ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஊர்தி அதற்குள் 97 மீட்டர் கடந்துவிடும். 30 கிலோமீட்டர் வேகமாயின் 58 மீட்டரே கடக்கும். மலை வளைவொன்றில் 60 மீட்டர் தொலைவே கண்ணுக்குத் தெரிகிறது எனக் கொள்வோம். சிறுவன் இருபுறமும் நோக்குகிறான், சாலை வெறுமையாக இருக்கிறது, அடியெடுத்து வைக்கிறான். விரைந்து வரும் ஊர்தியின் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காவிடில், மறுகரை சேருமுன்னரே அது அவனை எட்டிவிடும். அவன் செய்த பிழை யாது? ஆசிரியர் கற்பித்தபடியேதான் நடந்தான். அவன் எச்சரிக்கை அவனைக் காக்கவில்லை. ஊர்தியின் வேகம் தணிந்திருந்தால் மட்டுமே அவன் பிழைத்திருப்பான்.

உலகம் இவ்வுண்மையை மெல்லவே உணர்ந்தது. 1896-இல் இலண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்னும் பெண்மணி மோட்டார் ஊர்தி மோதி இறந்தார். நடப்போர் கடக்கும் இடங்களைக் குறிக்கும் மஞ்சள் விளக்குக் கம்பங்கள் 1934-இல்தான் பிரிட்டனில் நிறுவப்பட்டன. வரிக்குதிரைக் கோடுகள் 1951-இல் சட்டத்தின் ஏற்பைப் பெற்றன. 2020-இல் வெளியான ஸ்டாக்ஹோம் அறிக்கை, நடப்போரும் ஊர்திகளும் கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக அமைதல் வேண்டும் என்று வலியுறுத்திற்று.  

அவ்வாறாயின் மலைச் சாலையில் செய்யத்தக்கவை எவை? கடக்கும் இடத்தை வளைவின் மறைவில் வைக்காது, இருபுறமும் நெடுந்தொலைவு தெரியும் இடத்தில் அமைத்தல் முதற்கடமை. கோடு தீட்டினால் மட்டும் போதாது; மலைப்பனியில் வெறுங்கோடு மறைந்துவிடும். விளக்கும், வேகத்தைத் தாமாகவே தணிக்கும் மேடும் வேண்டும். அகலம் இடங்கொடுக்கும் இடத்தில் நடுவே சிறு திட்டு அமைத்தால், ஏழு மீட்டரை ஒரே மூச்சில் கடக்க வேண்டியதில்லை. மூன்றரை மீட்டராக இருமுறை கடக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரு திசையை மட்டும் நோக்கினால் போதும். கடவைக்கு வந்து சேர ஓரத்தில் நடைபாதையும் இன்றியமையாதது.

வேகத்தைக் குறைத்தால் சுற்றுலாவும் வாணிகமும் தளரும் என்பார் உளர். ஊர்க்குடியிருப்பை ஒட்டிய ஒரு கிலோமீட்டரை 50-இல் கடக்க 72 நொடிகள் ஆகும். 30-இல் கடக்க இரண்டு நிமிடங்கள் ஆகும். இழப்பு 48 நொடிகளே. ஓர் உயிருக்கு எதிர்த்தட்டில் வைக்க இது எம்மாத்திரம்?

பிள்ளைகளுக்குச் சாலை ஒழுக்கம் கற்பிப்பது ஆசிரியர் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் அத்தோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. வழியைச் செம்மை செய்யுமாறு ஊராட்சியினரையும் பொதுப்பணித் துறையினரையும் கேட்பதும் கல்வித் தொண்டே ஆகும். நன்னன் மலையின் கவண்கல்லுக்கு அஞ்சி மரத்தின் மறைவில் ஒதுங்குமாறு புலவர் கூத்தர்க்குச் சொன்னார். நம் பிள்ளைகளிடம் ஒதுங்கி நில் என்று சொல்வதோடு அமையாது, கல்லெறியும் கையைத் தடுக்கவும் நாம் முன்வர வேண்டும்.